விமானத்தில் கை தட்டினால் என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரம் வந்த விமானத்தில், சக்கரம் தரையைத் தொட்டதும் மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கத்து ஆட்கள் படபடவென்று கை தட்டினார்களாம். பக்கத்துச் சீட்டு வெள்ளைக்காரர் முன்னால் தனக்கு மானமே போய்விட்டதாம். இந்தப் பட்டிக்காட்டுத்தனம் எப்போது ஒழியும் என்று கேட்டு முடித்திருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நாலு நாள் நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எங்கள் வீட்டம்மாவே பேனாவை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மாஞ்சோலை பஸ் பற்றி வருவதை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் 31 வருஷம் அரசு பஸ் ஓட்டினவன். அதில் ஒன்பது வருஷம் மாஞ்சோலை லைன். மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மேலே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை எஸ்டேட் ஊர்கள் வரிசையாக வரும். ரோடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், மழைக்காலத்தில் மஞ்சு இறங்கினால் பானெட்டுக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. ஆகவே ஆட்களை உட்கார வைத்து ஓட்டுகிற தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். வானத்தில் ஓட்டினால் என்ன, வண்ணாரப்பேட்டையில் ஓட்டினால் என்ன, பின்னால் இருக்கிறவன் உயிர் முன்னால் இருக்கிறவன் கையில்.

அந்தக் கை தட்டலுக்கு வருகிறேன். துபாயிலோ தம்மாமிலோ இரண்டு வருஷம், மூன்று வருஷம் கட்டடத்து வெயிலில் நின்றுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையை போனில் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவன், ஊர் மண்ணைச் சக்கரம் தொடுகிற சத்தம் கேட்டால் கை தட்டாமல் என்ன செய்வான்? அதில் பாதி பைலட்டுக்கு, பாதி தனக்குத்தான். தட்டிவிட்டுப் போகட்டுமே. வெள்ளைக்காரருக்கு அதில் என்ன நஷ்டம்? அவர்கள் ஊரிலும் கை தட்டுகிற ஆட்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. கை தட்டின அதே ஆட்கள் அடுத்த நிமிஷம் என்ன செய்கிறார்கள் என்பதையும் அந்தக் கடிதக்காரர் எழுதியிருக்க வேண்டும். அதை அவர் எழுதவில்லை, ஏனென்றால் அவரும் அதையேதான் செய்திருப்பார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நானும் வீட்டம்மாவும் முதல் முதலாக விமானம் ஏறினது 2022 ஆடி மாசம். சென்னையில் மகன் வீட்டில் பேத்திக்குக் காது குத்து. ரயிலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்பி வர இவளுக்கு மூட்டுவலி விடாது என்று மகனே வாகைக்குளத்துக்கு, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு, டிக்கெட் போட்டுவிட்டான். இறக்கை மேல் இரண்டு விசிறி சுற்றுகிற சின்ன விமானம், ஏ.டி.ஆர். என்று சொல்வார்களே, அதுதான். எழுபது சொச்சம் பேர் உட்காரலாம். முன்பக்கம் சாமான், நாம் ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கக் கதவு வழியாக. நம்ம டவுன் பஸ் மாதிரி இருக்கே என்று இவள் சொன்னாள்.

ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியாததா. மேற்கே செங்கோட்டைக் கணவாயிலும் தெற்கே ஆரல்வாய்மொழியிலும் புகுந்து வருகிற காற்று, பாளையில் காயப்போட்ட வேட்டியைத் தூத்துக்குடியில் கொண்டு போய்ப் போடும். கயத்தாறு பக்கத்துக் காற்றாடிகள் கீழே தெரிய ஆரம்பித்ததுமே விமானம் குலுங்கத் தொடங்கிவிட்டது. குலுக்கல் எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் ஸ்டியரிங் நம் கையில் இல்லாத குலுக்கல் வேறு. இவள் இசக்கியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

இறங்கிக்கொண்டே வந்தோம். ஓடைக்கரை உடைமரம் தெரிகிறது, ரோட்டில் போகிற லாரி தெரிகிறது. இன்னும் மூன்று பனை உயரம்கூட இருக்காது. அந்த நேரம் பார்த்து இரண்டு விசிறியும் ஒரே சத்தமாகக் கத்தியது, மூக்கு மேலே தூக்கியது, தரை எங்களை விட்டு விலகிப் போனது. உள்ளே ஒரே கூச்சல். முன்வரிசையில் ஒருவர், நல்லா உடுத்தின ஆள்தான், “ஓட்டத் தெரியாதவன் கையில எல்லாம் வண்டியைக் குடுத்து வச்சிருக்கானுவ” என்று சத்தமாகவே சொன்னார்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. நான் பணிப்பெண் என்று நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது, ஓட்டுகிறவர்களில் ஒருவரே பேசினார். காற்று நிலையாக இல்லை, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி இறங்கப் போகிறோம், பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். இங்கிலீஷில்தான் சொன்னது. பக்கத்துச் சீட்டுப் பையன் எனக்குத் தமிழில் சொன்னான். அந்தக் குரலில் ஒரு பதற்றம் இல்லை. கடையில் கால் கிலோ சீனி கேட்கிற மாதிரி இருந்தது.

எனக்கு அந்த இடத்தில்தான் பைலட் மேல் மரியாதை வந்தது. ஏனென்று சொல்கிறேன். மலைப் பாதையில் ஏறி வரும்போது எதிரே ஜீப்போ லாரியோ வந்து மாட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துக்கொண்டு நிற்போம். முன்னுக்கு எடுக்க எவனும் எடுப்பான். பஸ் நிறைய ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ‘டிரைவர் பயந்துட்டாரு’ என்று பேச்சு வரும் என்று தெரிந்தும், ரிவர்ஸ் போட்டு ஐம்பது அடி பின்னால் போய் ஒதுங்கிக் கொடுக்கிறான் பாருங்கள், அவன் டிரைவர். அந்தப் பிள்ளை வானத்தில் போட்டது ரிவர்ஸ்தான். அப்போது வாகைக்குளத்து ஓடுபாதை மொத்தமே 1,350 மீட்டர். 2025 ஜூலையில் புது டெர்மினல் திறந்தபோதுதான் ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. அன்றைக்கு இருந்த நீளத்தில், காற்று தூக்கிக்கொண்டு போய், தொட வேண்டிய இடத்தைத் தாண்டித் தொட்டால், பிரேக் அடிக்க மிச்சம் எவ்வளவு இருக்கும்? பத்து நிமிஷம் போகுது, எண்ணெய் போகுது, உள்ளே இருக்கிறவன் வைகிறான், போகட்டும் என்று தூக்கினார்களே, அதற்குத்தான் சம்பளம்.

இரண்டாம் தடவை ‘டொம்’ என்று இறக்கினார்கள். இடுப்பில் சுள்ளென்றது. அதற்கும் முன்வரிசைக்காரர் ஏதோ சொன்னார். என் தங்கச்சி மகன் சென்னை விமான நிலையத்தில் வேலை பார்க்கிறான், அவனிடம் பிறகு கேட்டேன். பூ மாதிரி இறக்கினால்தான் நல்ல பைலட் என்று நினைக்காதீங்க மாமா, தரை ஈரமாக இருந்தாலோ ஓடுபாதை குட்டையாக இருந்தாலோ வேண்டுமென்றே அழுத்தித்தான் இறக்குவார்கள், அப்போதுதான் டயர் பிடிக்கும், பிரேக் கேட்கும் என்றான். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மழை ரோட்டில் வழுக்கிக்கொண்டு போன வண்டியை எத்தனை தடவை பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

இறங்கினதும் அந்த விமானத்தில் யாரும் கை தட்டவில்லை. பயந்துபோன ஆட்கள் தட்ட மாட்டார்கள் போலிருக்கிறது. எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

நான் திரும்பிப் பின்பக்கம் பார்த்தேன். பணிப்பெண் தன் சீட்டில் பெல்ட் மாட்டி, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும், வடக்கத்திப் பிள்ளை. நம்மை எல்லாம் அமைதிப்படுத்தாமல் இது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். தங்கச்சி மகன்தான் அதையும் சொன்னான். ஏறும்போதும் இறங்கும்போதும் அப்படித்தான் உட்கார வேண்டுமாம், மோதினால் கை அடிபடாமல் இருக்க. மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்ளவும் வேண்டுமாம். தீப்பிடித்தால் எந்தக் கதவு, என்ன சத்தம் கொடுக்க வேண்டும், எந்த வரிசையில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யாரை உதவிக்குக் கூப்பிடலாம் என்று. என் வீட்டம்மாவின் மூட்டுவலியும் அந்தப் பிள்ளையின் கணக்கில் இருந்திருக்கும். நமக்கு அவர்கள் காபி கொடுக்கிற ஆட்கள். நம் நாட்டில் ஐம்பது சீட்டுக்கு ஒரு பணியாளர் என்று சட்டம் போட்டு வைத்திருப்பது காபிக்காக இல்லை. பணிப்பெண் நீர்ஜா பனோட்டை மறந்துவிட்டோமா? 1986 செப்டம்பர் 5, கராச்சியில் விமானத்தைக் கடத்தினபோது பைலட்டுகளுக்குத் தகவல் கொடுத்து வெளியேற வைத்து, கடைசியில் கதவைத் திறந்து பயணிகளை வெளியே விட்டு, தான் செத்துப்போன பிள்ளை. இருபத்துமூன்று நிறைய இரண்டு நாள் இருந்தது. அசோக சக்கரம் கொடுத்தார்கள்.

பின்பக்கக் கதவில் அந்தப் பிள்ளை நின்று ஒவ்வொருவருக்கும் கும்பிட்டு தேங்க்யூ சொன்னது. எழுபது பேரில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் எங்களுக்கு முன்னால் போனவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இதை நான் திமிர் என்று சொல்ல மாட்டேன். கடிதக்காரர் சொல்லுவார்.

நன்றி என்கிற சொல் எங்கள் பக்கம் வாயில் வராது. சொன்னால் மேடையில் ஏறி நிற்கிற மாதிரி இருக்கும். கூட்டத்தில் நன்றியுரைக்கு ஒருவர் எழுந்தாலே பாதி ஜனம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும், இல்லையா? பக்கத்து வீட்டில் மீன்குழம்பு கொடுத்துவிட்டால் கிண்ணத்தைக் கழுவி வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், இரண்டு முருங்கைக்காயாவது வைத்துத்தான் கொடுப்போம். நன்றி அங்கே முடிந்துவிடும். பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் யாரும் நன்றி சொன்னது கிடையாது. “வாரேன் அண்ணாச்சி” என்பார்கள். 31 வருஷத்தில் ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் காதுக்கு இதமாகத்தான் இருந்திருக்கிறது. அதே ஆள் விமானக் கதவுக்கு வந்ததும் வாயடைத்துப் போகிறான். அந்தப் பிள்ளை சொல்வது இங்கிலீஷ், நாம் சொல்வதாக இருந்தால் அதுவும் இங்கிலீஷாக இருக்க வேண்டுமோ, தப்பாகிவிடுமோ என்று ஒரு கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறான். ஏன் குனிய வேண்டும்? ‘வாரேன் தாயி’ என்றால் போதாதா? அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாதே என்றால், கை காட்டி டாட்டா சொன்னால் புரியாதா?

என் வீட்டம்மா இந்தக் கூச்சமெல்லாம் இல்லாதவள். மகன் வீட்டுக்குக் கொண்டு போன கருப்பட்டி மிட்டாய் பொட்டலத்தில் மிச்சம் நாலைந்து கைப்பையில் இருந்தது. கதவில் நின்று பையைத் திறந்து, தேடி எடுத்து, பின்னால் ஆட்கள் முனக முனக, அந்தப் பிள்ளை உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள். “பயந்துட்டியாட்டீ? தின்னு, தெம்பா இருக்கும்” என்றாள். அது திகைத்துப்போய் மிட்டாயையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு இவள் கையைப் பிடித்து, படியில் ஒவ்வொரு காலாக இறக்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொள்ளவில்லை, கவனித்தேன். கருப்பட்டி மிட்டாய் பிசுபிசுப்பு உங்களுக்குத் தெரியும்.

கீழே இறங்கி நடக்கும்போது எனக்கு ஒரு குறை. பின்பக்கக் கதவில் நிற்கிற பிள்ளையைப் பார்த்தாயிற்று, ஓட்டினவர்கள் முன்னால் அடைபட்ட அறைக்குள் இருக்கிறார்களே. 2001-இல் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்திக் கட்டடத்தில் மோதினதற்குப் பிறகு அந்தக் கதவைத் துப்பாக்கிக் குண்டு துளைக்காத மாதிரி ஆக்கிவிட்டார்கள். நாம் உள்ளே தட்டுகிற கை அவர்கள் காதில் விழுகிறதோ என்னவோ. நான் நின்று திரும்பி, முன்கண்ணாடியைப் பார்த்து வலது கையைத் தூக்கினேன். ரோட்டில் எதிரே நம்ம டெப்போ வண்டி வந்தால் ஸ்டியரிங்கை விடாமல் ஒரு கையைத் தூக்குவோமே, அது. கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஒரு கை மட்டும் மேலே வந்தது. இரண்டு விரல். அவ்வளவுதான். ஊழியர் ஒருவர் நிற்காதீங்க சார், நடங்க சார் என்று விரட்டினார், நடந்துவிட்டேன். வீடு வந்து சேருகிற வரைக்கும் அது ஒரு மாதிரி சந்தோஷமாகவே இருந்தது.

சரி, முதலில் சொன்ன அந்த விஷயம். கை தட்டினதும் நடப்பது. விமானம் ஓடிக்கொண்டிருக்கும், பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ‘டிக் டிக்’ என்று பெல்ட் அவிழ்க்கிற சத்தம் கேட்கும். மேல் தட்டைத் திறந்து பெட்டியை இழுப்பார்கள். அந்தப் பிள்ளைகள் உட்காருங்க உட்காருங்க என்று தொண்டை வறளக் கத்தும். பஸ் நிற்பதற்கு முன்னால் படியில் தொங்குகிற அதே பழக்கம். அதற்காக நான் யாரை எல்லாம் வைதிருக்கிறேன் என்று வள்ளியூர் வரை கேட்டுப் பாருங்கள். தட்டின கையால் பெல்ட்டை அவிழ்த்தால் தட்டினதற்கு என்ன அர்த்தம்? அவர்கள் பேச்சைக் கேட்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அதுவே பெரிய மரியாதை.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் இறங்கின ஜப்பான் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். பெரிய விமானத்தில் 379 பேர். முழுக்க எரிந்து எலும்புக்கூடாகிப்போன விமானத்திலிருந்து அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எப்படி? பெட்டியை எடுக்காதே என்று பணியாளர்கள் சொன்னார்கள், அவர்கள் எடுக்கவில்லை. நம்ம ஆட்களாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஒருவன் டிவி பெட்டிக்காகவும் ஒருவன் போர்வை மூட்டைக்காகவும் நடையில் நின்றிருப்பான்.

இன்னும் சில சின்ன விஷயங்கள் உண்டு. ஜன்னல் மூடியைத் திற, சீட்டை நிமிர்த்து என்று எதற்குத் தொந்தரவு செய்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வோம். ஜன்னல் திறந்திருந்தால்தான் வெளியே எந்தப் பக்கம் தீ என்று தெரியும். சீட் சாய்ந்திருந்தால் பின்வரிசைக்காரன் எழுந்து ஓட முடியாது. ராத்திரி இறங்கும்போது விளக்கை மங்கலாக்குவது, அவசரமாக இருட்டில் குதிக்க வேண்டி வந்தால் கண் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக. இதெல்லாம் தெரிந்தால் அலுப்பு வராது.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன், எழுதவே கூச்சமாக இருக்கிறது. பணிப்பெண்கள் குனிந்து நிமிரும்போது போனில் படம் பிடிக்கிறவர்கள், சும்மா சும்மா பெல்லை அமுக்கிக் கூப்பிட்டு இளிக்கிறவர்கள், நம் மாவட்டத்து ஆட்களும் அதில் உண்டாம். வாயால் தகராறு செய்தாலே மூன்று மாதம், கை வைத்தால் ஆறு மாதம், உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி நடந்தால் இரண்டு வருஷமோ அதற்கு மேலோ விமானத்தில் ஏற்றாமல் இருக்கலாம் என்று 2017-லேயே விதி இருக்கிறது. விதி கிடக்கட்டும். டவுன் பஸ்ஸில் இப்படிச் செய்தால் கண்டக்டர் விசில் அடிக்கும் முன்னால் பக்கத்தில் நிற்கிற ஆச்சியே செருப்பைக் கழற்றிவிடுவாள். மேலே ஆச்சி இல்லை என்கிற தைரியம்தானே?

2024 அக்டோபர் 11 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பின விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140 பேருக்கு மேல். பாளை மார்க்கெட் பக்கத்து டீக்கடை டிவியில் நாங்கள் இருபது பேர் நின்று பார்த்தோம். எதுக்கு இப்படிச் சுத்திக்கிட்டே இருக்கான், இறக்க வேண்டியதுதானே என்று ஒருவர் கத்தினார். எண்ணெய் நிறைய இருக்கும்போது இறக்கினால் பாரம் தாங்காது, அந்த வகை போயிங்கில் எண்ணெயை வெளியே கொட்டவும் வழி கிடையாது, எரித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று நான் தங்கச்சி மகனிடம் போனில் கேட்டுச் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றினார்கள். கீழே ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வரிசையாக நிற்பதை டிவியில் காட்டிக்கொண்டே இருந்தான். எட்டு மணிக்குப் பிறகு ஒழுங்காக இறங்கிவிட்டது. டீக்கடையில் எல்லோரும் கை தட்டினோம். மாஸ்டரும் டீ ஆற்றுகிற கிளாசை வைத்துவிட்டுத் தட்டினார். அந்த விமானத்தில் எங்கள் சொந்தக்காரன் ஒருத்தனும் கிடையாது. இதையும் பட்டிக்காட்டுத்தனம் என்பாரா கடிதக்காரர்?

2009 ஜனவரி 15, நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் நின்றுபோன விமானத்தை 155 பேரோடு ஹட்சன் ஆற்றில் இறக்கின கேப்டன் சல்லன்பெர்கரை உலகமே கொண்டாடியது. ஆற்றில் இறக்கினதைவிட எனக்குப் பிடித்தது வேறு. தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்போது, யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று அந்த மனிதர் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். டெப்போவில் வண்டியை விட்டதும் கடைசி சீட் வரை ஒரு நடை போய், எவனாவது தூங்கிக்கொண்டிருக்கிறானா, யாராவது குடையை விட்டுவிட்டார்களா என்று பார்ப்போமே, அந்தப் புத்தி.

தூக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. பைலட்டுகளுக்கு வாரத்துக்குத் தொடர்ந்து 36 மணி நேரம் ஓய்வு என்று இருந்ததை 48 மணி நேரமாக ஆக்கினார்கள், ராத்திரி நேரத்தில் ஆறு தடவை வரை இறக்கலாம் என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். 2025 நவம்பரிலிருந்து முழுக்க அமல். அதற்கு ஏற்ற மாதிரி விமானக் கம்பெனி ஆள் வைத்துக்கொள்ளாததால் டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானம் ரத்தானது, விதியையும் கொஞ்ச நாளைக்குத் தளர்த்தினார்கள். ஊரே கவுண்டரில் நின்ற பிள்ளைகளைத்தான் வைதது. அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்? ‘பைலட் தூங்குறதுக்காக நாங்க தரையில படுக்கணுமா’ என்று ஒருவர் கேட்டதை டிவியில் பார்த்தேன். ஆமாம் ஐயா, படுக்கத்தான் வேண்டும். டபுள் டூட்டி பார்த்துவிட்டு விடிகாலை நாலு மணிக்குக் கங்கைகொண்டான் தாண்டி வரும்போது, கண் திறந்திருக்கும், ரோடு தெரியும், ஆனால் மூளைக்குப் போகாது. அந்த அரை நிமிஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னால் இருக்கிற ஐம்பது பேருக்குத் தெரியவே தெரியாது, நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது மாஞ்சோலை. அது ராத்திரி தங்கல் வண்டி. சாயங்காலம் ஏறினால் மேலேயே படுத்துவிட்டுக் காலையில் முதல் சிங்கிள் எடுத்து இறங்க வேண்டும். மஞ்சு நேரத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு ஹாரன் கொடுப்பேன், எதிரே வருகிறவனுக்காக. வேறு ஒன்றும் நினைத்துக் கொடுத்ததில்லை. ஒரு நாள் டெப்போவுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஊத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா, யாரையோ வைத்து எழுதியிருந்தார். டிரைவர் பெயர் தெரியாது என்று போட்டு, வண்டி நம்பரை மட்டும் எழுதி, ‘உங்கள் ஹாரன் கேட்ட பிறகுதான் நாங்கள் ராத்திரிக்கு உலை வைப்போம், மழை நாளில் அது கேட்கிற வரைக்கும் பயமாக இருக்கும், நல்லா இருங்கள்’ என்று இரண்டு வரி. டெப்போ மேனேஜர் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். இன்றைக்கும் பீரோவில் நிலப் பத்திரத்தோடு இருக்கிறது. எஸ்டேட் ஜனங்களில் பெரும்பாலோர் இப்போது கீழே இறங்கிவிட்டார்கள். அந்த அம்மா எங்கே இருக்கிறாரோ. அந்தக் கார்டு வந்த பிறகு வெயில் அடிக்கிற நாளிலும் இரண்டு ஹாரன் கொடுத்துக்கொண்டுதான் ஏறினேன்.

அந்த நினைப்பில்தான், வாகைக்குளத்தில் இறங்கின மறுவாரம் நானும் ஒரு கடிதம் போட்டேன். விமான நம்பர், தேதி, எந்த ஊரிலிருந்து எந்த ஊர், இதை எழுதினால் போதும், யார் ஓட்டினது, யார் பணியில் இருந்தது என்று அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள், பாராட்டு வந்தால் அந்த ஆளின் பைலில் சேர்த்து வைப்பார்கள் என்று தங்கச்சி மகன் சொல்லியிருந்தான். இன்லாண்டு லெட்டரில் எழுதினால் சிரிப்பார்கள் மாமா என்று அவனே கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினான். ‘முதல் தடவை இறக்காமல் தூக்கினதற்கு’ என்று நான் சொன்னதை அப்படியே போடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பதில் வந்தது, எல்லோருக்கும் அனுப்புகிற மாதிரிப் பதில்தான். பரவாயில்லை. அது என் பீரோவுக்காகப் போட்டதில்லையே.

பணம் மட்டும் கொடுக்காதீர்கள். ஐம்பது ரூபாய் நோட்டை மடித்துப் பணிப்பெண் கையில் திணிக்கப் பார்த்த ஒரு பெரியவரை நான் கண்ணால் கண்டேன். அவர் நல்ல மனசோடு செய்தார், அந்தப் பிள்ளைக்குத்தான் முகம் சிவந்துபோனது.

வருகிற மாதம் பேத்திக்குப் பள்ளி விடுமுறை, மறுபடி சென்னை போகிறோம். போகும்போது ரயில், வரும்போது விமானம். வீட்டம்மா இந்தத் தடவை கருப்பட்டி மிட்டாய் கூட ஒரு பொட்டலம் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறாள், திரும்பி வரும்போது கொடுக்க. செக்கிங்கில் விடுவார்களா என்று நேற்றெல்லாம் அதே கவலை. விடுவார்கள், அல்வா டப்பாவோடு ஊரே போகிறது என்றேன். “அந்தப் பிள்ளைக்குக் குடுத்துருவேன், முன்னால உக்காந்து ஓட்டுதவிய திங்க யாரு கொண்டு போய்க் குடுப்பா?” என்று கேட்டாள். அதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு பஸ் டிரைவர்,
பாளையங்கோட்டை.